நூற்றெட்டுக்கு முன்பே எரிந்த விளக்கு

சங்கரன்கோவில்,
ஆடி 8.

அன்புள்ள ராஜேஷ்குமாருக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். அங்கே நீ சுகமாயிருப்பதை உன் வாட்ஸ்அப் படங்களில் பார்த்துக்கொள்கிறோம். போனில் பேசினால் அவள் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு நீ வரவேண்டும் என்று அவள் நூற்றெட்டு ஆடிச்சுற்று நேர்ந்திருப்பது உனக்குத் தெரியும். கோவிலைச் சுற்றும்போது எண்ணிக்கை தப்பிப்போகிறது என்று உன்னிடம் சொன்னாள், நீயும் நெதர்லாந்திலிருந்து ஒரு சர்க்கியூட் வரைந்து அனுப்பினாய். எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ஏழு ஃபிளிப்ஃப்ளாப், நூற்றெட்டைக் கண்டுகொள்ள ஒரு ஆண்ட் கேட், சுற்றுக்கு ஒருமுறை பட்டனை அமுக்கினால் நூற்றெட்டாவதில் பச்சை விளக்கு எரியும். கணக்கில் பிழையில்லை. ஆனால் பட்டனை நேராக முதல் ஃபிளிப்ஃப்ளாப்பில் கொடுத்திருந்தாய். அமுக்கும்போது உள்ளே இருக்கிற தகடு துள்ளும், ஒரு அமுக்கு இரண்டு மூன்றாக ஏறும், நடுவில் இரண்டு நாண்ட் கேட் போட்டு அதை அடக்கவேண்டும் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக எண்ணுகிறது என்று ஒரு வரியில் பதில் அனுப்பினாய். கம்ப்யூட்டரில் பட்டன் துள்ளாது. பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், என்னிடம் லேப் பழகிய எபினேசரைத் துறைத்தலைவராக்கிவிட்டார்கள், அவனிடம் போய் லீவு கேட்டு நிற்கிறேன். அங்கேதான் அப்படி என்றால் வீட்டில் உன் அம்மா, எம்பிள்ளை வரைஞ்சதுல நீங்க கைய வைக்காதிய என்றாள். வைக்கவில்லை, நீ வரைந்தபடியே செய்துகொடுத்தேன்.

நேற்று சாயங்காலம், விளக்கு எரிஞ்சிட்டு, முடிச்சிட்டேன் என்று அழுதுகொண்டே வந்தாள். அத்தனை சீக்கிரம் முடிய வழியில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபிளிப்ஃப்ளாப்பிலும் சின்ன விளக்கு வைத்துப் பத்துமுறை அமுக்கினேன், பதினேழு காட்டியது. பொய்க் கணக்கோடு அவளைக் கோமதியம்மன் முன்னால் நிற்கவிட எனக்கு மனமில்லை, சொன்னேன். பிள்ளை தப்பா வரையமாட்டான், நீங்கதான் ஒயர மாத்திச் சொருகியிருப்பிய என்றாள். ஆனாலும் எத்தனை நடந்தோம் என்று தெரியாத சுற்றை அம்மனிடம் ஒப்புவிக்க முடியாது என்று இன்று காலையில் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டாள். நாண்ட் கேட் போட்டுச் சரிசெய்த பெட்டியை நீட்டினேன், வாங்கவில்லை, சுற்றுக்கு ஒன்றாக எண்ண முந்தானையில் புளியமுத்தை முடிந்துகொண்டு போனாள். கால் வீங்கியிருக்கிறது.

நீ வருவாயா மாட்டாயா என்பது அம்மனுக்குத் தெரியுமோ என்னவோ, உனக்குத் தெரியும். போன வருஷமும் தெரிந்துகொண்டே கடைசிவரை பார்க்கலாம் பார்க்கலாம் என்றாய். வருவதாயிருந்தால் இன்றே அவளைக் கூப்பிட்டுச் சொல். வரமாட்டாய் என்றாலும் இன்றே சொல், அவள் நடப்பதையாவது நிறுத்துகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அம்மன் உன்னை நன்றாக வைக்கட்டும். பதில் எனக்கு வேண்டாம், அவளுக்குச் சொல்.

உன் அப்பா,
சு. அய்யாத்துரை