உன் பெயரில் நான் அனுப்பிய பதில்

அன்புள்ள ஃப்ரேயாவுக்கு,

அம்மா எழுதுவது. கிரிம்ஸ்பியில் நானும் அப்பாவும் நாய் மாண்டியும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன், மயக்கம் மறுபடி வந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த லண்டன் அறையில் ஜன்னலையாவது திறந்து வைக்கிறாயா. போனில் என்றால் "பரவால்ல விடும்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாத்திரையால் இல்லை, தெருமுனை பப்பில் குடிக்கும் பீரால்தான் என்று சாதிக்கிறார். பக்கத்து வீட்டு மாக்ஸீன் உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். நீ அந்தப் பெரிய தணிக்கை நிறுவனத்தில் கணினிப் பிரிவு அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது, "அப்ரண்டிஸ்னா குழாய் ரிப்பேரா?" என்று கேட்டவள் அவள்தான். சம்பளமும் தந்து பட்டப் படிப்புக்கும் அவர்களே கட்டுகிறார்கள் என்றதும் வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து நான் தெருவில் நிமிர்ந்து நடந்த நடையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் லீவில் நீ சமையலறை மேஜையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தபடி வைத்துவிட்டு மாண்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாய். நான் தட்டு வைக்க வந்தேன், திரையில் உன் மேலாளர் ஹாரியட்டின் செய்தி வந்து நின்றது. "உண்மையச் சொல்லு ஃப்ரேயா, வேலையும் படிப்பும் சேர்ந்து ரொம்ப அழுத்துதா? வேணும்னா இந்தப் பருவத்துப் பாடத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்." எனக்குப் பகீரென்றது. எங்கள் மீன் ஆலையில் சூப்பர்வைசர் வந்து சமாளிக்க முடியுதா என்று கேட்டால், முடியலை என்று சொன்னவளுக்கு அடுத்த வாரம் ஷிஃப்ட் இருக்காது. யார் கேட்டாலும் குறையொன்றும் இல்லை என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம், உன்னையும் அப்படித்தான் வளர்த்தோம். முந்திரிக்கொட்டை மாதிரி நானே உன் பெயரில் பதில் தட்டி அனுப்பினேன், நல்லா இருக்கேன், நன்றி, இன்னும் வேலை இருந்தாலும் குடுங்க என்று. உன்னைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

நீ திரும்பி வந்து அதைப் பார்த்தாய். நான்தான் பதில் போட்டேன் என்று சொன்னேன், நீ ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். போன வாரம் உன் அறைத்தோழி நெரிஸ் போன் செய்து, நீ ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாய் என்று சொன்னாள். அந்தப் பெண்தான் மீதியையும் சொன்னாள். "முடியலைன்னு ஹாரியட்கிட்ட சொல்ல அவ எவ்வளவு நாளா தைரியம் சேர்த்தா தெரியுமா ஆன்ட்டி? கடைசியில லேசா சொல்லிப் பார்த்தா, அதுக்கு ஹாரியட் அனுப்பின பதில்தான் நீங்க பார்த்த அந்தச் செய்தி." நீ கதவைத் தட்டினாய், அவர்கள் திறந்தார்கள், நான் போய்ச் சாத்திவிட்டேன் கண்ணு. அம்மா அப்படி எழுதின பிறகு எப்படி மாற்றிச் சொல்வது என்றுதானே அத்தனை வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டாய்? என்னை மன்னித்துவிடு. திட்ட வேண்டும் என்றால் திட்டு, அப்பா ஏற்கெனவே திட்டிவிட்டார்.

உங்கள் ஆபீஸில் யாராவது திரையைப் பூட்டாமல் எழுந்து போனால், மற்றவர்கள் அதிலிருந்தே "நாளைக்கு எல்லாருக்கும் என் செலவில் கேக்" என்று அனுப்பிவிடுவார்கள், அவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாயே. இந்த முறை கேக் பூட்டாதவளுடையது இல்லை, உன் திரையில் தட்டி அனுப்பினவளுடையது. எலுமிச்சை கேக் செய்து அனுப்பியிருக்கிறேன், நடுவில் கொஞ்சம் அமுங்கிவிட்டது. அந்தப் பதில் என்னுடையது, ஃப்ரேயாவுடையது இல்லை, அவளிடம் மறுபடி கேளுங்கள் என்று ஹாரியட்டுக்கு ஒரு கடிதமும் எழுதி அதே பெட்டியில் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நேராக அவருக்கே அனுப்பப் போனேன், தபால் நிலைய வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தப் பதிலைச் சொன்னாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்பதும் ஒரு பதில்தான். ஒன்றை மட்டும் மறக்காதே, எழுந்து போகும்போதெல்லாம் திரையைப் பூட்டிவிட்டுப் போ. நம் வீட்டிலும்.

முத்தங்களுடன்,
அம்மா