கோயம்புத்தூர்க்காரர்கள் பங்கைக் குறைக்கிறார்கள்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே ஜாக்கெட் ஒட்டிக்கொள்கிறது.

கேஸ் புக் பண்ண வேண்டும். இவருக்கு பி.பி. மாத்திரை. பரணில் உள்ள பித்தளைச் சாமான்களை இறக்குவது. ஜூன் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இவர் நிலக்கரி மைன்ஸிலிருந்து ரிடையராகி மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் ஷிப்ட் பஸ் சத்தம் கேட்டால் எழுந்து சட்டையைத் தேடுகிறார். வடக்குத்து ஊரில் வாங்கிய மனையில் அஸ்திவாரம் முடிந்து அப்படியே நிற்கிறது. செங்கல்காரன் போனை எடுப்பதில்லை.

டிபனுக்குத் தம்பி தாமு வந்தான். அவன் ஷெட்டில் இரண்டு ஃபேன் எரிந்துவிட்டதாம். முன்பு முந்திரி குடோனாக இருந்த இடம். இப்போது உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர் பெட்டிகள். ராப்பகலாகக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத நாணயம் எடுக்கின்றனவாம். அதற்கும் மைனிங் என்றுதான் பெயர். எத்தனை முறை விளக்கினாலும் என் மண்டையில் ஏறவில்லை. நம் மைன்ஸில் தோண்டினால் கரியாவது கண்ணுக்குத் தெரியும்.

கை கழுவும்போது சொன்னான். "கோயம்புத்தூர்க்காரங்க கொஞ்சம் பங்கைக் குறைக்கிறாங்கக்கா."

தாமு கம்பெனியில் பாதிக்கு மேல் அவர்களுடைய பங்கு. அவர்களும் இதே தொழில், பெரிய அளவில்.

"ஏன்டா?"

"சும்மாதான். வேற எதுக்கோ பணம் வேணுமாம்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இட்லியும் மூன்றோடு நிறுத்திவிட்டான்.

மே 6, புதன்

அஞ்சலை வேலைக்கு லேட். அவள் வீடு தாமு ஷெட்டுக்கு அடுத்த தெரு. துடைப்பத்தை எடுக்கும் முன்பே செய்தி வாசிப்பு.

"நேத்து ரெண்டு காரு வந்துச்சிங்கக்கா. உள்ள பூந்து ஒவ்வொரு பொட்டியா போட்டோ எடுத்துக்கினு இருந்தாங்க. எங்க வூட்டுக்காரரு போயி யாருங்கன்னு கேட்டாரு. சிரிச்சிக்கினே வண்டி ஏறிட்டாங்க."

வீடு விற்பதற்கு முன்னால்தான் நம் ஆட்கள் இப்படிப் போட்டோ எடுப்பார்கள்.

அஞ்சலை மகள் ரேவதி டிப்ளமோ முடித்து வீட்டில் இருக்கிறாள். அஞ்சலை புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. இந்தப் பக்கத்தில் மைன்ஸுக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. இவளுடைய பெரியப்பா வீட்டில் அப்படி ஒருவர் பர்மனென்ட் ஆனார். இவர்களிடம் கொடுக்க நிலமே இருந்ததில்லை. ஒரு காணி இருந்திருந்தால் என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

மத்தியானம் இரண்டு தடவை கரண்ட் போனது. புளிக்குழம்பு. உப்பு அதிகம்.

மே 9, சனி

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மைசூர்பாகு டப்பா, வெள்ளைச் சட்டை, இந்த வெயிலிலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

"பாருங்க அம்மிணி, நாங்க எங்கயும் போறதில்லீங்க. பங்கத்தான் கொஞ்சம் கொறச்சுக்கறோம். வெளிய கேக்கறதுக்கு நெறைய ஆளு இருக்கறாங்க. ஊரு பேரு தெரியாதவங்க கைக்குப் போறதுக்கு, உங்கள மாதிரி உள்ளூர்க்காரங்க எடுத்துக்கிட்டா எங்களுக்கும் சந்தோசங்க."

வெளியாள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரியும் அந்த உட்காரல். யூனியன் ஆள். மைன்ஸ் பங்கை வெளியே விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதெல்லாம் கேட் வாசலில் முதல் வரிசை. பங்கு வெளியே போனால் வேலை போகும், ஊர் போகும் என்று மைக்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். நான் மிளகுப்பால் கொடுப்பேன்.

அதை இந்த மனிதருக்கு யார் சொன்னது? தாமுதான். வேறு யார்.

மே 10, ஞாயிறு

இவரோடு சண்டை.

"வெளியாளு கையில போவ விட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்லுதியா? அன்னைக்கு அரசாங்கத்தையே கேட்டோம்லா?"

"அன்னைக்கு விக்காதேன்னு கேட்டீங்க. இன்னைக்கு விக்கிறவன்கிட்ட வாங்கப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"ஒனக்கு வெளங்காது."

வீட்டு வேலைக்கு வைத்த பணம் என்றேன். சுவர் ஒரு வருஷம் பொறுக்கும் என்றார். அதுவரை எங்கே படுப்பது, அஸ்திவாரத்திலா? அவரோடு ரிடையரானவர்கள் நாலு பேர் சாயங்காலம் வந்தார்கள். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். "நம்ம ஷெட்டு, நம்ம கையில இருக்கணும்." ஐந்து காபி போட்டேன். சர்க்கரை தீர்ந்தது.

மே 12, செவ்வாய்

வீட்டுப் பணத்தில் பங்கு வாங்கியாகிவிட்டது. என் பெயரில். "ஒனக்குன்னு நான் எதும் வாங்குனதே இல்லல்லா" என்று சொல்லிக்கொண்டே பேப்பரை நீட்டினார். கோபப்படக்கூட விடவில்லை மனிதர். அடுப்படியில் போய் அழுதேன்.

நாலு பேரும் வாங்கியிருக்கிறார்கள்.

மே 14, வியாழன்

ஷெட்டுக்கு நானே போனேன். ஆட்டோக்காரர் வடக்குத்து ரோட்டில் இறக்கிவிட்டார். கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. ஒரு வரிசைப் பெட்டிகளில் விளக்கே எரியவில்லை. எல்லாப் பெட்டியிலும் புதிதாகச் சின்ன நம்பர் ஸ்டிக்கர், ஏலச் சாமான் மாதிரி. தாமு பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி.

"உண்மையைச் சொல்லுடா."

"பழைய மெஷின்கா. எடுக்கிறதைவிடக் கரண்ட் பில்லு ஜாஸ்தி. அவங்க வேற ஸ்டேட்ல புது ஷெட் போட்டுட்டாங்க. அங்க கரண்ட் சல்லிசு. இங்க இருக்கிறதை யார் தலையிலயாவது கட்டிட்டுப் போயிருவாங்க."

"அத்தான்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பாரா? யாரும் வாங்கலன்னா அவங்க மொத்தமா மூடிட்டுப் போயிருவாங்க. பில்லு, பேங்க், எல்லாம் என் தலையில. நான் எங்கக்கா போவேன்?"

நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. ஓங்கி ஒன்று விடலாம் என்று தோன்றியது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 15, வெள்ளி

இவரிடம் எல்லாம் சொன்னேன். நம்பவில்லை. நம்பாமல் இல்லை, நம்ப முடியாது அவரால். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனவர். "நம்மள விக்க வைக்க பயங்காட்டத்தான் செய்வான். வெளியாளுக்கு நான் விக்க மாட்டேன், பாத்துக்கோ."

"உள்ளூர்க்காரங்க கேட்டா?"

"அது வேற. நம்ம ஆளு வச்சிருந்தா சரிதான்."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். பி.பி. பார்க்க வேண்டும்.

மே 19, செவ்வாய்

கோயம்புத்தூர்க்காரர்கள் மறுபடி உள்ளூர் ஆட்களிடம் விற்றுப் பங்கைக் குறைத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் கையில் பேருக்குத்தான் இருக்கிறதாம். இந்தத் தடவை மைசூர்பாகு வரவில்லை. போன் அடித்தால் ஒரு பெண் குரல்: சார் மீட்டிங்கில் இருக்கிறார்.

இவர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார். "பாத்தியா, கிட்டத்தட்ட முழுசும் நம்ம கைக்கு வந்துட்டு." டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். வடக்குத்து முழுக்க இதே பேச்சு.

எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து குவார்ட்டர்ஸ் சுவிட்ச், குழாய் எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போனார். நல்லபடியாகப் பேசினார். எங்கம்மா வீடு கட்றீங்க என்றார். வடக்குத்து என்றேன்.

மே 20, புதன்

தூக்கமில்லை. பங்கு என் பெயரில். கையெழுத்து என்னுடையது. யாராவது வாங்கிக்கொண்டால் சுவராவது எழும்பும். யாராவது என்றுதான் நினைக்கிறேன். முகத்தை நினைப்பதில்லை.

பால் பாக்கெட் இரண்டு. ஊறுகாய் ஜாடிக்கு மூடி. அட்டைப்பெட்டி கேட்க வேண்டும், மளிகைக் கடையில்.

மே 22, வெள்ளி

இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. இவர் குள்ளஞ்சாவடிக்கு, நிலைக்கதவு விலை கேட்க. கதவு மட்டும் வாங்கி எதில் மாட்டுவாரோ.

அஞ்சலை பாத்திரம் தேய்க்க உட்காரவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். ரேவதிக்குச் சேர்த்த தோடும் சங்கிலியும்.

"ஐயா டீக்கடையில சொல்லிக்கினு இருந்தாராமுங்க, ஷெட்டு நம்ம ஊர்க்காரங்களுதுன்னு. எங்களுக்கும் ஒரு பங்கு விட்டுக்குடுங்கக்கா. இத நாளைக்கே வித்துட்டு பணமா கொண்டாறேன். எங்ககிட்டதான் குடுக்க நெலம் இல்ல. இதையாவது குட்த்து பார்க்கலாம்னு வூட்டுக்காரரும் சொல்லிட்டாரு."

வேண்டாம் அஞ்சலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் தெருவுக்குச் சொல்லுவாள். தெரு ஊருக்குச் சொல்லும். பிறகு யாரும் வாங்க மாட்டார்கள்.

"உக்காரு, காபி குடி" என்றேன். இத்தனை வருடத்தில் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பங்கு வாங்கிட்டா நம்ம ரேவதிக்கு ஷெட்டு உள்ள வேல தருவாங்க இல்லீங்கக்கா? பர்மனென்டா?"

பால் பொங்குகிறது என்று எழுந்தேன். பொங்கவில்லை. அவள் பின்னாலேயே அடுப்படி வாசல்வரை வந்து மறுபடி கேட்டாள்.

ஆமாம் என்றேன்.