அடைகாத்தவள் மேல் பழி

ஆகஸ்ட் 3, ஞாயிறு
எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று காலை, இரண்டரை மாதச் சேவல் குஞ்சுக்குப் பயந்து கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஐம்பத்தோரு வயது! பீங்கான் கம்பெனியில் தினமும் நாற்பது கக்கூஸ் பீங்கானுக்கு வைக்கோல் சுற்றுகிறவள், ஒன்றின் மேல் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வெண்பா சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். நாத்தனார் மகள். எங்கள் வீட்டில் தங்கிக் காலேஜில் விலங்கியல் படிக்கிறாள்.

ஆகஸ்ட் 4
கம்மாபுரத்திலிருந்து நாத்தனார் வாசுகி போன். அவள் கோழியின் முட்டை பத்து, என் கோழி அடைகாக்கும், பொரிந்ததில் ஆளுக்குப் பாதி. அதுதான் பேச்சு. அவள் பங்குச் சேவல் பால்காரர் முழங்காலைக் கிழித்துவிட்டதாம்.

"உங்க கோழி அடைகாத்த லட்சணம், அண்ணி! உங்க வூட்ல வளர்ற எல்லாமே இப்படித்தான் ஆவுது. வெண்பாகூட என்னை எதுத்துப் பேசுறா. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போறேங்க. இங்கேர்ந்தே பஸ்ஸுல போயி படிக்கட்டும்."

என் கோழி இருபத்தோரு நாள் அரை வயிறாகக் குந்திச் சூடு கொடுத்தது குற்றமா? ரெண்டு வருஷம் நான் சோறு கட்டிக் குடுத்தேனே, அதுவுமா? அந்தப் புள்ள இல்லாத வூட்ல நான் யாரோட சண்டை போடுவேன்?

ஆகஸ்ட் 6
சாப்பாடே இறங்கவில்லை. போண்டாகூட நாலுக்கு மேல் முடியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி
வெண்பா புத்தகத்தோடு வந்தாள்.

"அத்தை, ஓடு மூடறதுக்கு முன்னாடியே தாய்ப்பறவை தன் உடம்பு ஹார்மோன மஞ்சக்கருவுல வச்சி அனுப்பிடுது. சில பறவைங்கள்ல அது கூடுனா குஞ்சு முரடா வளருதாம். அடைகாக்குறது வேற கோழின்னா, அது மஞ்சக்கருவுல ஒண்ணும் சேக்க முடியாது."

அடிப்பாவி வாசுகி! வம்பு உன் கோழிது. பழி மட்டும் எங்க ரெண்டு பேருக்குமா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு
வாசுகி பையோடு வந்தாள். நான் விடவில்லை. "மஞ்சக்கருவுலயே நீ வம்ப ஊத்தி அனுப்பிட்டு, சூடு குடுத்தவள கேக்குறியாடி?"

பக்கத்தில் வெண்பா, மூக்கு விடைக்க, இடுப்பில் கை வைத்து நின்றாள். வாசுகியும் அப்படியேதான் நின்றிருந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"என்னை மாதிரி ரெண்டு பேர எங்க வூடு தாங்காது அண்ணி. இங்கயே இருக்கட்டுங்க."

ஆகஸ்ட் 11
கம்பெனி முழுக்கச் சொல்லியாயிற்று. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஐந்தாவது முறை சொன்னபோது, பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "கனகா, வாசுகி குடுத்தனுப்புன முட்டை பத்தும் வேகத்தடையிலயே ஒடஞ்சிபோச்சி. நான் அடைக்கு வச்சது நம்ம கோழி முட்டைதான்."