நான் கேட்காத முப்பது பேர்

6 ஏப்ரல் 1987
சுயதொழில் வகுப்பில் இன்று சேர்ந்தேன். அறுபத்தாறு வயதில் பெஞ்சில் உட்காருவதில் எனக்குக் கூச்சமில்லை, முதுகுக்குத்தான் ஆட்சேபம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவளுக்கு வாத்தியார், சென்னையிலிருந்து வந்திருக்கும் சக்கரபாணி. அவர் மீசை, வளர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

என் திட்டம் இது: மலை சுற்ற வருவோர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள், திரும்பும்போது அது இருப்பதில்லை. ஆகவே, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு செருப்புப் பை. இவ்வூருக்கு இது இதுவரை தோன்றாததில் எனக்கு வியப்பில்லை.

தம்பி சகாதேவனோடு ஒப்பந்தம்: மே முடிவதற்குள் தொழில் நிலைக்காவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு வேலூரில் அவனோடு வசிக்க வேண்டும். அவன் மனைவி சந்திரகலா எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாளாம். நான் எத்தனை இட்லி சாப்பிட வேண்டும் என்பதையும் அவளே தீர்மானிக்கும் வீடு அது.

9 ஏப்ரல்
பக்கத்து இருக்கை பீபி ஜான். அடி அண்ணாமலையில் தையற்காரி. வகுப்பில் வாய் திறப்பதில்லை. பைகளைத் தைத்துத் தரச் சொன்னேன். "சரிங்க டீச்சரம்மா" என்றாள். வேறேதோ சொல்ல வந்து விழுங்கியது போலிருந்தது.

15 ஏப்ரல்
வீட்டுப்பாடம்: முப்பது பேரை நேரில் கண்டு கருத்துக் கேட்க வேண்டும். இந்த வெயிலிலா? மின்விசிறியின் கீழ் அமர்ந்து முப்பது பேரையும் நானே படைத்தேன். பெயர், ஊர், செருப்புத் தொலைந்த தேதி உட்பட. நம்பும்படி இருக்க, இருவரை மட்டும் 'வேண்டாம்' சொல்லவைத்தேன்.

20 ஏப்ரல்
சக்கரபாணி என் அறிக்கையை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். எல்லோரும் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சோதனை செய்யாமலே எண்களைச் சமைத்த மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளை எத்தனை முறை வீசியெறிந்திருப்பேன்! கைதட்டலை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

2 மே
நூறு பைகள் தயார். உள்ளே ரெக்சின். எவருக்கும் ஐயம் வேண்டாமென்று வெளியே ஒரு ஜோடி செருப்பின் படம். படம் என் யோசனை.

13 மே, பௌர்ணமி
ஒன்றுகூட விற்கவில்லை.

14 மே
நேற்று மாலை நான்கு மணிக்கே நானும் பீபி ஜானும் கோயிலருகில் நின்றோம். தேங்காய் பழம் வைக்கலாமென்று பையை எடுத்தவர்கள், படத்தைக் கண்டதும் தேளைத் தொட்டதுபோல் போட்டார்கள். ஓர் அம்மாள் கை கழுவத் தண்ணீர் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பீபி ஜானுக்கு விளங்கியது.

"செருப்ப தோள்ல மாட்டிக்கினு யாராச்சும் மலைய சுத்துவாங்களா டீச்சரம்மா? கற்பூரம், விபூதி எல்லாம் எடுத்துக்கினு போறாங்க. மாசாமாசம் எங்க வாசல் வழியாதானே போறாங்க."

நாற்பது ஆண்டுகள் இவ்வூரில் இருந்தும் ஒருமுறைகூட நான் மலையைச் சுற்றியதில்லை. "ஏன்டீ, இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றேன்.

"முப்பது பேரை கேட்டீங்கன்னு சாரே படிச்சாரு. உங்க ஜனம் மாறிப்போச்சி போலனு விட்டுட்டேன்."

உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நோன்பு நேரத்துல சிரிக்க வெக்காதீங்க, தாகம் ஜாஸ்தியாவுது."

22 மே
சகாதேவன் கடிதம். அறைக்கு வெள்ளையடித்தாயிற்றாம். பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தேன். துடைத்தேன், அவ்வளவுதான்.

30 மே
பீபி ஜான் மூச்சிரைக்க வந்தாள். போன ரம்ஜானில் புதுச் செருப்பைப் பறிகொடுத்தவர் அவள் கணவர் மொய்னுதீன். இம்முறை தொழுகைத் திடலுக்கு நம் பையோடு போயிருக்கிறார். செருப்பைப் பையிலிட்டுப் பக்கத்திலேயே வைத்துத் தொழுதாராம். தொழுகை முடிந்ததும் அவரைக் கட்டித் தழுவியவர்களெல்லாம் கேட்டது பையைப் பற்றித்தான். எட்டுப் பேர் வீடுவரை வந்துவிட்டார்கள்.

31 மே
என் அறிக்கையை அடுத்த வகுப்புக்கு மாதிரியாக வைக்கப்போவதாகச் சக்கரபாணி எழுதியிருந்தார். பொறுத்திருங்கள், திருத்திய பதிப்பு வருகிறது என்று பதில் போட்டேன்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், ரத்தமும் சதையுமான முப்பது பேரைக் கேட்டேன். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர், இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இது என்றார். கற்பனையில் இப்படியொருவரைப் படைக்க எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று முதல் பீபி ஜான் வீட்டு வாசலில் வாங்கிப் போனவர்களையும் சேர்த்தால், கையிருப்பில் ஏழு பைகளே மீதம்.

சகாதேவனுக்கும் எழுதினேன்: வேலூருக்கு வருகிறேன், ஒரே ஒரு நாள், அடுத்த வெள்ளிக்கிழமை. பெரிய பள்ளிவாசலுக்கு வழி தெரிந்து வை. சந்திரகலா ஒழித்து வைத்த அறை பைகளை அடுக்கப் போதும்.