வடக்குச் சுவரில் நீ கீறிய புள்ளிக்கோடு

இன்று இரவு ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பி அடுத்த இருக்கைக்குப் போனார். குனிந்து பார்த்தேன். என் மேற்சட்டையின் வலது கை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். பழைய சுண்ணாம்பு நனைந்தால் ஒரு மணம் வருமே, நிலவறையும் மழைத் தெருவும் சேர்ந்த மாதிரி, அந்த மணம். தட்டிவிடவில்லை. ஓஸ்டர்முண்டிகனில் இறங்கி வீடு வரும்வரை அப்படியே கொண்டு வந்தேன். இப்போது குசினி மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன்.

அவளை நிம்மதியாகத் தூங்கவிடு என்று ஆட்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். விடுவதாக இல்லை. உயிரோடு இருந்தபோது நீ யாரை நிம்மதியாக இருக்கவிட்டாய்?

அந்தத் தேவாலயத்தை அளக்க நாம் முதலில் போனபோது, கட்டடக்கலை படித்து முடித்து ஒரே அலுவலகத்தில் சேர்ந்த புதிது. ஊர்ச் சபை கூரையைத் திருத்தப்போகிறது, அதற்கு முன் முழுக் கட்டடத்துக்கும் வரைபடம் வேண்டும் என்று எங்கள் ஷெஃப், அலுவலகத் தலைவர், இருவரையும் அனுப்பினார். தேவாலயம் மேட்டில் தனியாக நின்றது. சுற்றிவரக் கல்லறைகள், ஆப்பிள் மரங்கள். வெளியே மணற்கல்லும் ஆற்றுக்கல்லும். உள்ளே ஒரே வெள்ளை. மதச் சீர்திருத்தக் காலத்தில் புனிதர்களின் ஓவியங்களை மூடிப் பூசிய வெள்ளை, அதன்மேல் தலைமுறை தலைமுறையாகப் பூசிய வெள்ளை. சனம் இருக்கும் மண்டபம் மிகப் பழையது, அதன் யன்னல்கள் உயரத்தில், ஒடுக்கமாக, அரைவட்டத் தலையோடு இருந்தன. கூர் வளைவுகளோடு நிற்கும் கிழக்குப் பகுதி அதற்குப் பிந்தியது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. மேற்கு வாசலில் நின்று பார்த்தால், கிழக்குப் பகுதி கதை கேட்கத் தலை சரித்த ஆளைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

வடக்குச் சுவர் இன்னும் மோசம். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

"எடி, இதை இப்பிடியே கீறிக் குடுத்தா எங்களுக்கு அளக்கத் தெரியாதெண்டு சொல்லப்போறாங்கள்."

வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு தமிழ்ப் பெண்களின் கோடு கோணலாக இருந்தால், கோணல் கையில்தான் என்பார்கள், சுவரில் என்று சொல்லமாட்டார்கள். அது உனக்கும் தெரியும். நீ ஏணியில் நின்றபடி சிரித்தாய்.

"சுவர் வளைஞ்சு நிக்குது. நீயோ நானோ அதை வளைச்சனாங்கள்? பிடி நாடாவை."

திரும்ப அளந்தோம். திரும்பவும் அதே வயிறு.

அப்போதுதான் அந்தத் தரைக்கல்லைக் கண்டாய். வடக்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்த கல், நடுவில் குழி விழத் தேய்ந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அந்தக் குழிக்குள் காலை வைத்துப் பார்த்தாய். கால் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதில ஆரடி இவ்வளவு காலமா மிதிச்சது? சுவருக்குள்ள போகவோ வந்தவை?"

பிறகு சுவரைத் தட்டிக்கொண்டே போனாய். அந்தக் கல்லுக்கு மேலே வந்ததும் சத்தம் மாறியது. வரைபடத்தில் அந்த இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு வாசலைக் கீறி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாய். ஷெஃப் பார்த்தார். உங்களை அளக்கத்தான் அனுப்பினேன், கற்பனை பண்ண அல்ல என்றார். புள்ளிக்கோடு போனது. அதோடு விட்டாரா, வடக்குச் சுவரையும் நேராக்கினார். அன்று ட்ராமில் நீ எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாய்: "மனுசன் படத்தில நிமித்திப்போட்டார். இனி ஆரும் போய்ச் சுவருக்குச் சொல்லவேணும், நேரா நில்லப்பா எண்டு!"

நீ பிறகு ஃப்ரிபூர்க்கில் வேலைக்குப் போனாய். ஆனால் குடியிருக்க இந்தத் தேவாலயம் இருக்கும் ஊரைத்தான் தேடிப் பிடித்தாய். ஞாயிறுகளில் வடக்குச் சுவரோரம் கடைசி வாங்குப் பலகையில் இருப்பாய். ஏன் அங்கே என்றால், "காவல் இருக்கிறன்" என்பாய். உன் வேதக்கார வீட்டுப் பக்திக்கும் பிடிவாதத்துக்கும் இடையில் கோடு எங்கே என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உன்னை வழியனுப்பியதும் அங்கேதான். நீ அதைப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். மேற்கு வாசலின் படிகள் உனக்குத் தெரியும், உயரமானவை, மழையில் வழுக்கும். உன் அம்மா சக்கர நாற்காலியில் படிக்குக் கீழே இருந்தா. உன் மச்சான்மார் ஓடி வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். அம்மா கையை உயர்த்தினா.

"தூக்கவேண்டாம். நான் சாமானில்லை."

"அன்ரி, ஒரு நிமிசம்தான், பிடிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ர பிள்ளையின்ர கோயிலுக்கு நான் உருண்டு போக ஒரு வாசல் இல்லையோ? இல்லையெண்டா வெளியில நிக்கிறன்."

நின்றா. நானும் குடையோடு நின்றேன். உனக்கான பாட்டுகளை நாங்கள் இருவரும் சுவருக்கு வெளியே இருந்து கேட்டோம்.

அந்தக் காட்சி சபைக்காரருக்கும் உறுத்தியிருக்கவேண்டும். படியில்லாத வாசல் ஒன்று வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள். ஷெஃப் தெற்குச் சுவரை உடைத்துக் கண்ணாடிக் கதவு வைக்கத் திட்டம் போட்டார். அந்தச் சுவரில் வெள்ளை உதிர்ந்த இடத்தில் பழைய ஓவியத்துக் குதிரையின் குளம்பும் யாரோ ஒருவரின் சிவப்பு உடையின் கரையும் ஏற்கெனவே வெளியே தெரிகின்றன. அதை அழகாக வெட்டி எடுத்து வைக்கலாம் என்றார். நான் உன் புள்ளிக்கோட்டைத் திரும்பக் கீறிக் காட்டினேன், அந்தப் பக்கம் வெளி நிலமும் உள் தரையும் ஒரே மட்டம், படி தேவையில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. அவள் போய்விட்டாள், நீயும் அதை விடு என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது. தெற்குத் திட்டத்தை வேறு ஆளை வைத்துக் கீறுங்கள் என்றேன்.

போன வாரம் சபைக் கூட்டம். ஷெஃப் கண்ணாடிக் கதவைத் திரையில் காட்டினார், வெயில் விழுந்து மிக அழகாக இருந்தது. பிறகு நான் எழும்பி, சுவரைத் தட்டினால் கேட்கும் சத்தத்தைப் பற்றியும் தேய்ந்த கல்லைப் பற்றியும் சொன்னேன். சபைத் தலைவி நல்ல மனுசி, சிரித்துக்கொண்டே கேட்டா: வடக்கில் குப்பைக் குவியலும் நிழலும்தானே, நம் முதியவர்களைப் பின்பக்கத்தால் உள்ளே கொண்டு வருவதா? எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த நாட்டில் பின்வாசல்களைப் பற்றி எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. என் அப்பா உணவகக் குசினிக்குப் போனது பின்வாசலால், அம்மா ஆஸ்பத்திரியைக் கூட்டப் போனதும் பின்வாசலால். பேர்ண் ஜெர்மனில், அவர்களுடைய வழக்கிலேயே சொன்னேன்: "அது பின்பக்கம் இல்லை. காட்டோரம் இருந்த பண்ணைச் சனம் அந்தப் பக்கத்தால்தான் வந்தது. அவர்களுக்கு அதுதான் முன்பக்கம். அவர்கள் தேய்த்த கல் உள்ளே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் மிதித்துப் பாருங்கள்."

முன்வரிசையில் ஒரு கிழவர், காட்டோரத்துப் பண்ணைக்காரர், கைதட்டினார். அவர் ஒருவர்தான். ஆனால் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, முதலில் சுவரில் கையகலப் பட்டி ஒன்றை மேலும் கீழுமாகத் திறந்து பார்க்கச் சம்மதித்தார்கள்.

இன்றைக்குத் திறந்தோம். பழைய சுவர்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் பூச்சை ஈரப்படுத்திச் சின்ன உளியால் உரித்துக்கொண்டே வந்தார். வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை. ஷெஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உளியின் ஓசை மாறியது. செதுக்கிய மணற்கல்லின் விளிம்பு, கத்தி வெட்டினாற்போல நேராக மேலே போய், மெல்ல வளையத் தொடங்கியது. அதற்கு அப்பால் வெறும் உடைகற்கள், அவசரமாகக் கொட்டி அடைத்தவை. நான் யாரையும் கேட்கவில்லை. இடைவெளியில் கையை விட்டேன், தோள்வரை போனது.

எடி, அது வாசல்தான்.

அவர்கள் இன்னமும் கண்ணாடிக்கு வாக்களிக்கலாம். அடுத்த கூட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இனி அவர்கள் எதைச் செய்தாலும் இந்த வாசலைக் கண்ட பிறகுதான் செய்யவேண்டும்.

வரைபடத்தைப் புதிதாகக் கீறச் சொன்னார் ஷெஃப். அலுவலகத்திலேயே இருந்து முடித்தேன். வடக்குச் சுவருக்கு அதன் வயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். மூலையில் அளந்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் உன் முழுப் பெயரையும் எழுதினேன். இறந்தவர்களின் பெயரைப் போடுவதில்லை, அலுவலகத்தின் பெயர் போதும் என்றார். அளந்தது அவள்தான் என்றேன். பெயரை எடுத்தால்தான் சபைக்கு அனுப்புவேன் என்றார்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து இந்தப் பிடிவாதம். படத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டேன்.

"நீங்கள் அனுப்பவேண்டாம். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

காலையில் முதல் பஸ்ஸில் போகிறேன்.