நகர்ந்த சிவப்புக் கோடு

நாரந்தனை,
9.3.1989

அன்புள்ள மகள் மனோகரிக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தை உன் எழுத்தே சொல்லிவிட்டது, போன இரண்டு கடிதங்களிலும் சரிந்து கிடந்த எழுத்து இந்த முறை நிமிர்ந்து நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, கிணற்றடி வரைக்கும் தடியில்லாமல் போய் வருகிறார். சிவலைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. பனங்கிழங்கு ஒடியல் காய்ந்துவிட்டது, யாரும் கொழும்புக்கு வந்தால் மா இடித்துக் கொடுத்துவிடுவேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கூட்டத்தின் நேரம் மாறியதை எல்லாருக்கும் சொல்லிவிட்டு உனக்கு மட்டும் சொல்லாமல் விடுவதும், நீ பிந்தி வந்தால் தீவாள் இன்னும் வள்ளத்திலதான் வாறாவோ என்று உங்கள் மேலாளர் எல்லாருக்கும் முன்னால் கேட்பதும், மற்றவர்கள் சிரிப்பதும். அவரும் யாழ்ப்பாணத்து மனிதர்தானே, எங்களைப் போலத் தீவு ஆட்கள் என்றால் அவர்களுக்கு எப்போதும் ஒரு இளக்காரம். ஒன்பது தரம் நடந்ததைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாய். பெருமையாக இருக்கிறது பிள்ளை. கார்த்திகையில் நீ இதைச் சாடையாக எழுதியபோது, கண்டிப்பான மேலாளரிடம்தான் வேலை பழகலாம், பொறுத்துக்கொள் என்று எழுதியவள் நான். அது பிழை. மற்றவர்களைவிட எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் புங்குடுதீவில் படிப்பித்த காலத்தில் மாக்கிறேற் ரீச்சர் நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வந்து போனவ. காலை எட்டு மணிக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார், அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தி வந்தவர். காற்று நாளில் வள்ளம் பிந்தும், அவ கீழேதான் வைப்பா, அது சட்டம். ஆனால் கடல் அமைதியாகி வள்ளம் வேளைக்கு வந்த நாட்களிலும் அவவுக்கு முன்னமே கோடு விழுந்திருக்கும். அவ ஒழுங்கையால் நடந்து வருவது யன்னலால் தெரிந்ததும் அதிபர் சிவப்புப் பேனையை எடுப்பார். அவவுக்கும் பின்னால் வரும் வல்லிபுரம் மாஸ்டருக்குக் கோட்டுக்கு மேலே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கும். ரீச்சரின்ர மணிக்கூட்டுக்குள்ள உப்புத் தண்ணி போயிட்டுது போல என்று அதிபர் பகிடி விடுவார், நாங்களும் சிரிப்போம். நேரத்தில் கண்டிப்பான மனிதர் என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன். கண்டிப்பென்றால் கோடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அது ஒருவருக்காக மட்டும் நகர்ந்ததை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்தில் அவ வேலையை விட்டுவிட்டா.

போன கிழமை ஊர்காவற்றுறையில் அவவைக் கண்டு உன் கதையைச் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டுவிட்டு, உம்மட மகள் கண்டுபிடிச்சிட்டாள், உமக்கு அப்ப கண் தெரியேல்லையோ அன்னம் என்றா. சிரித்துக்கொண்டுதான் கேட்டா. நான் அப்பாவின் முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சித்திரை ஐந்தாம் திகதி விசாரணை, வேலை போனாலும் போகட்டும் என்று எழுதியிருக்கிறாய். போகக் கூடாது, அது நீ படித்து எடுத்த வேலை. கொப்பியை உன் கையில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடு. திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர்கள், சொன்ன சொல், இவ்வளவும் போதும், அழுகை வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல். பக்கத்து மேசை மட்டக்களப்புப் பிள்ளை கிறேஸ் எல்லாவற்றையும் பார்த்தும் சாட்சி சொல்ல ஏலாது என்கிறாள் என்று கொதித்திருக்கிறாய். அவளோடு கோபிக்காதே, பயந்த பிள்ளை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னர் நான் இருந்ததும் அவளுடைய கதிரையில்தான். மாக்கிறேற் ரீச்சரிடம் சொல்ல வாய் வராததைத் தனித்தாளில் கிறேஸுக்கு எழுதி, ஒட்டி இதற்குள் வைத்திருக்கிறேன்.

அப்பா உன் கடிதத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் வாசித்துக் காட்டுகிறார். எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு வரும். வேளைக்குச் சாப்பிடு. கிறேஸின் கடிதத்தைப் பிரிக்காமல் ஐந்தாம் திகதிக்கு முதல் அவள் கையில் கொடு.

உன்னில் பெருமைப்படும் அம்மா,
வை. அன்னபூரணம்