விசாரணை நாற்காலி

அன்புள்ள பெரியவளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் தங்கையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டுவிடாதே.

இந்த வருடப் பயிற்சிக்கு, மனித உரிமைக்காகப் போராடுகிறவர்கள் ஒன்பது நாடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் போலீஸ் விசாரணை ஒத்திகை. அதிகாரியாக நடிக்க வேண்டிய வக்கீலுக்குக் காய்ச்சல். பயிற்சியை நடத்துகிறவள் நான்தானே, அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எதிரே கைதியாக, உன் வயதில் ஒரு பெண் நிருபர்.

“எங்க போயிருந்தே? யார் கூட? போனை ஏன் அணைச்சு வச்சே? என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லு!”

தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகள் வேறு. இவை தாமாக வந்தன. மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்குள்ளேயே அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்து, நகத்தைச் சுரண்டியபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். எனக்குப் பழக்கமான மௌனம் அது.

டீ இடைவேளையில் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள்: “நிஜப் போலீஸே தோத்துடும் மேடம்! இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று சொல்ல வாய் வரவில்லை.

விசாரிக்கப்படுகிறவர் பேசாமல் இருக்கலாம், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் பாடமே இதுதான். பதினாறு வருடமாக நான்தான் அதை நடத்துகிறேன்.

எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று இதில் எங்குமே கேட்கவில்லை, பார்த்தாயா? நாலு தாளைக் கசக்கிப் போட்ட பிறகுதான் அது முடிந்தது.

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா